விசிலைக் கேட்டது யார்?

2014இல், பொறியியல் முடித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்த காலத்தில், தனுஷ்கோடி ரயில் நிலையத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ‘பேய்களின் நிலையம்’ என்பது தலைப்பு. அப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை கிடையாது. மணலில் குலுங்கிக் குலுங்கிப் போகும் வேனில் நண்பர்களோடு போய், இடிந்த சுவர்களைப் படம் எடுத்துக்கொண்டு வந்து எழுதியது. “காற்றில் இன்றும் ஓர் அலறல்” என்றெல்லாம் வரும். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. அப்போது எனக்கு அது இலக்கியமாகத் தெரிந்தது.

பொங்கலுக்கு ஊருக்கு, மீமிசலுக்கு, போனபோது அப்பத்தாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் தலைப்பை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“பேயா? அங்க எங்கடா பேயி இருந்துச்சு? ஒங்க ஐயா எறங்கி டீ குடிச்ச ஊருடா அது. வரும்போதெல்லாம் பிஸ்கட்டு டப்பா வாங்கியாந்தாக.”

நான் அடுத்த பத்தியை வாசிக்கவில்லை. அப்பத்தா இல்லாமல் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை, அந்தப் பழைய கட்டுரைக்கும் அதைப் போன்று தமிழில் வருடந்தோறும் டிசம்பரில் வந்துகொண்டேயிருக்கும் மற்றவற்றுக்கும் ஒரு மறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐயா கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சிப்பந்தியாக இருந்தார். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. மாட்டுவண்டியிலோ பஸ்ஸிலோ ஆவுடையார்கோயில் வழியாக அறந்தாங்கிக்குப் போக வேண்டும். தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் வரிப்பணத்தில் போட்ட பாதை 1903இல் அறந்தாங்கியோடு நின்றது. அங்கிருந்து காரைக்குடிக்கு இணைப்பு வர 1952 ஆனது. அதற்குப் பிறகு ஐயாவின் பாடு சுலபம். அறந்தாங்கி, காரைக்குடி, மானாமதுரை, பாம்பன், தனுஷ்கோடி. தனுஷ்கோடியில் ஊர் நிலையம் ஒன்று, கப்பல் துறையை ஒட்டி ‘பியர்’ நிலையம் இன்னொன்று. வண்டியை விட்டு இறங்கினால் கப்பல். ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர் கடல் தாண்டினால் தலைமன்னார். அங்கே கொழும்பு வண்டி நிற்கும். சென்னை எழும்பூரில் ஏறுகிறவர் கொழும்பு கோட்டை வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். ‘போட் மெயில்’ என்று பெயர். அப்பத்தா வாயில் அது ‘போட்டு மெயிலு’.

இதில் பேய்க்கு இடம் எங்கே?

தனுஷ்கோடிக் கட்டுரை என்பது தமிழில் ஒரு தனி வகைமையாகவே ஆகிவிட்டது. காணொளிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ராமர் வில்லின் நுனியில் ஆரம்பிக்கும். வெள்ளைக்காரன் காலத்துச் செழிப்பு ஒரு பத்தி. அப்புறம் 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. பாம்பனிலிருந்து 11.55க்குக் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர். இருட்டில் சிக்னல் விழவில்லை, டிரைவர் நீண்ட விசில் கொடுக்கிறார், பதில் இல்லை, துணிந்து வண்டியை நகர்த்துகிறார், பேரலை. கடைசியில் ஒரு தத்துவ வரி. நானும் இதே வரிசையில்தான் எழுதினேன், விசில் உட்பட.

அந்த வண்டியில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. அப்படியானால் டிரைவர் தயங்கியதும் துணிந்ததும் எப்படித் தெரியும்? விசிலைக் கேட்டது யார்? நான் படித்த எதிலும் கேட்டவர் பெயர் இல்லை. நான் எழுதியபோது எனக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. முன்னால் எழுதியவரிடமிருந்து நான் எடுத்தேன், அவர் அவருக்கு முன்னால் எழுதியவரிடமிருந்து எடுத்திருப்பார். எங்கள் தொழிலில் இதைக் காப்பி-பேஸ்ட் என்போம். பிழை எங்கிருந்து வந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொன்றும் தவறாமல் வரும். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்தச் சமயம் ராமேஸ்வரம் வந்திருந்து தப்பித்த கதை. சொல்லக் கூடாது என்றில்லை. ஆனால் தப்பித்த இருவரின் பெயர் தெரிகிற அளவுக்கு நமக்கு அந்த வண்டியில் செத்த ஒருவரின் பெயர்கூடத் தெரியாது. வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். ரயில்வேக்குத் தெரிவது விற்ற டிக்கெட்தான். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆக, 115 என்பது ஆட்களைவிட அட்டைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எண் இருக்கிறது, நேரம் நிமிடச் சுத்தமாக இருக்கிறது, பெயர் இல்லை. நமது எழுத்து அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். அதற்குப் பதில் அலையின் உயரத்தை எழுதிக்கொண்டிருந்தோம். அதுவும் கட்டுரைக்குக் கட்டுரை வளர்ந்துகொண்டே போகிறது.

நான் மென்பொருள் பராமரிப்பில் இருப்பவன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சர்வர் விழுந்தால் எழுந்து உட்கார்ந்து சரிசெய்வதும், மறுநாள் ஏன் விழுந்தது என்று அறிக்கை எழுதுவதும் வேலை. அந்த அறிக்கையில் ‘மின்சாரம் போனது’ என்று மட்டும் எழுதினால் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். மின்சாரம் எல்லாருக்கும்தான் போனது, மற்றவை எழுந்துவிட்டன, இது மட்டும் ஏன் எழவில்லை என்பார். விழுந்ததற்கு ஒரு காரணம் இருக்கும், எழாததற்கு வேறொரு காரணம் இருக்கும். தனுஷ்கோடியைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் முதல் காரணத்தைத்தான்.

அதே புயல் பாம்பன் பாலத்தையும் அடித்தது. 126 கர்டர்கள் கடலில் போயின. சரிசெய்ய ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம், பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், பின்னாளில் ‘மெட்ரோ மனிதர்’ என்று பெயர் வாங்கியவர், 46 நாளில் முடித்தார். கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றினார்கள். பொறியாளர்களுக்கு இது ஒரு புராணக் கதை, கல்லூரியில் எங்களுக்கும் சொன்னார்கள். ஆனால் 46 நாளில் கடலுக்கு நடுவே ஒரு பாலத்தை எழுப்பிய அதே ரயில்வே, மணல்மேல் கிடந்த தனுஷ்கோடிப் பாதையை எழுப்பவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் இருந்தது, கோயில் இருந்தது, இந்தியா முழுக்க இருந்து வருகிறவர்கள் இருந்தார்கள். தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள்?

இதைப் புரிந்துகொள்ள எனக்கு கஜா தேவைப்பட்டது. 2018 நவம்பர் 16, விடியுமுன் அடித்தது. எங்கள் பக்கம் தென்னை மொத்தமும் போனது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டு. அந்த நாட்களில் எது எந்த வரிசையில் திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஈ.சி.ஆர். சாலையில் மரம் வெட்டி வழி விட்டார்கள். பிறகு செல்போன் டவர். பிறகு கடைத்தெருவுக்குக் கரண்டு. எங்கள் தெருவுக்குக் கடைசியில்தான் வந்தது. எங்களுக்கும் தாண்டி உப்பளத்தின் ஓரம் இருக்கிற குடிசைகளுக்கு எப்போது வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. புயல் எல்லார் வீட்டையும் ஒன்றாகத்தான் அடித்தது. வரிசை போட்டது அது இல்லை.

இனி அந்த ‘வெள்ளைக்காரன் காலத்துச் செழிப்பு’ப் பத்தி. பலர் இந்த நிலையத்தை விக்டோரியா காலத்துக் கட்டடம் என்றே எழுதிவிடுகிறார்கள். விக்டோரியா ராணி செத்தது 1901இல். பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி ஓடத் தொடங்கியது 1914இல். விக்டோரியா காலத்து நிலையம் வேண்டுமென்றால் ராயபுரத்துக்குப் போகலாம், 1856. அல்லது நாகப்பட்டினம், 1861. இலங்கைக்கான விக்டோரியா காலத்து வழி தூத்துக்குடி. 1876இல் அங்கே ரயில் வந்தது. முதலில் கொழும்புத் தபாலும் ஆட்களும் போனது அந்த வழியேதான், ஒரு முழு இரவுக் கடல் பயணம். அதைச் சுருக்கத்தான் தனுஷ்கோடி. வருடத்தில் பிழை பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ‘விக்டோரியா காலம்’ என்று சொன்னதுமே வளைவு, தூண், தொப்பி போட்ட ஸ்டேஷன் மாஸ்டர் என்று ஒரு அழகு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த அழகில் ஏறிப் போனவர்கள் யார் என்ற கேள்வி மறந்துபோகிறது.

ஏறியவர்களில் பெருந்தொகை தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகள். கங்காணி பிடித்து அழைத்துப்போன குடும்பங்கள். அவர்கள் நேராகக் கப்பல் ஏற முடியாது. நோய் கொண்டுவந்துவிடுவார்கள் என்று தடுப்பு முகாமில் நாள்கணக்கில் அடைத்து, ஊசி போட்டு, எண் கொடுத்து அனுப்புவார்கள். தூத்துக்குடி வழி இருந்தபோது அந்த முகாம் தட்டப்பாறையில். வழி மாறியதும் மண்டபத்தில். இன்றும் ராமேஸ்வரம் போகிற வண்டியில் ‘மண்டபம் கேம்ப்’ என்று ஒரு நிலையம் வரும். பாலம் வரப்போகிறது என்று எல்லாரும் ஜன்னலுக்கு ஓடுகிற நேரம் அது, அந்தப் பலகையை யாரும் படம் எடுப்பதில்லை. முதல் வகுப்பில் வந்த துரை முகாமுக்குப் போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வண்டி, ஒரே கப்பல், இரண்டு பயணம். இந்த நிலையத்தின் ‘பொற்காலம்’ என்று எழுதும்போது எந்தப் பயணத்தைச் சொல்கிறோம்?

இப்போது நான் 2014இல் கோட்டைவிட்ட இடத்துக்கு வருகிறேன். புயலுக்குச் சுமார் ஏழரை வாரத்துக்கு முன், 1964 அக்டோபர் 30ஆம் தேதி, சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் டில்லியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையின் 1948ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக ஆக்கிவைத்திருந்த மலையகத் தமிழர்கள் அப்போது கணக்குப்படி 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். காலம் பதினைந்து வருடம். யாரையும் கேட்கவில்லை.

இந்த இரண்டு தேதிகளையும் ஒரே பக்கத்தில் வைத்த தனுஷ்கோடிக் கட்டுரை ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. புயல் வந்தபோது அந்த வழியின் அர்த்தமே மாறியிருந்தது. போவதும் வருவதுமாக அரை நூற்றாண்டு இருந்த பாதை, இனி பெரும்பாலும் வருவதற்கு மட்டும் என்று இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தன.

ஐயா அந்த ஐந்தேகால் லட்சத்தில் இல்லை. அவர் தோட்டத்தில் இல்லை, கடையில் இருந்தவர். தற்காலிக வசிப்பு அனுமதிச் சீட்டு ஒன்றில் காலம் ஓட்டியவர். அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து இருந்தார். 1964இன் தொடக்கத்தில் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். சித்திரையில் டிரங்குப் பெட்டியோடு தனுஷ்கோடியில் இறங்கினார். மார்கழியில் புயல். அந்த எட்டு மாதமும் மறுபடி போகலாம் என்று வழி பார்த்துக்கொண்டே இருந்தார் என்றும், தனுஷ்கோடி போன செய்தி ரேடியோவில் வந்தபோது பெட்டியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார் என்றும் அப்பத்தா சொன்னார். “பொயலு வந்தது ஒரு வகையில நல்லதுடா. இல்லாட்டி சாகுற மட்டும் காயிதம் வரும் காயிதம் வரும்னு வாசல்லயே குந்தியிருப்பாக.” நான் கட்டுரை வாசித்த அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னது இது. அப்போதும் நான் குறித்துக்கொள்ளவில்லை.

எனக்கே ஒரு எதிர்வாதம் தோன்றுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் கடல், நகர்ந்துகொண்டே இருக்கும் மணல். அங்கே மறுபடி நிலையம் கட்டாதது புத்திசாலித்தனம்தானே? ஆமாம். பொறியாளனாக நானும் அங்கே கட்டச் சொல்ல மாட்டேன். கப்பலும் அடியோடு நிற்கவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ‘ராமானுஜம்’ எண்பதுகளின் தொடக்கம் வரை ஓடியது. ஒப்பந்தப்படி வந்தவர்கள் வந்தது அதில்தான். கூலிகளை அனுப்பி வைத்த அதே மண்டபம் முகாம்தான் திரும்பி வந்தவர்களையும் வாங்கிக்கொண்டது, பிறகு 83க்கு அப்புறம் அகதிகளையும். நீலகிரியில் அவர்களுக்காகவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது, இன்று டான்டீ என்று பாக்கெட்டில் வாங்குகிறோமே அதுதான். ஆகவே நிலையத்தைக் கைவிட்டது தப்பு என்பது என் வாதம் இல்லை. கைவிட்டார்கள் என்ற வினைச்சொல்லையே நாம் எழுதுவதில்லை என்பதுதான். கடல் கொண்டது என்று எழுதிவிட்டால் எழுவாய்க்கு வேலை இல்லை.

புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் தேயிலைத் தோட்டத்தை எழுதினார். அந்தக் கரையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளை ‘வீடற்றவன்’ எழுதினார். மலையக எழுத்து அதன்பிறகு பெரிதாக வளர்ந்தது. ஆனால் இந்தக் கரையில், தனுஷ்கோடியைப் பற்றி ஆவேசமாக எழுதுகிறவர்களின் வாசிப்பில் அந்த எழுத்து நுழைந்ததாகத் தெரியவில்லை. நிலையத்தை ஒருவர் எழுதுகிறார், அதில் ஏறியவர்களை இன்னொருவர் எழுதுகிறார், இருவரும் சந்திப்பதே இல்லை. அதைவிடச் சங்கடமானது, ‘பேய் நகரம்’ என்று நாம் எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் அங்கே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்ந்துகொண்டிருந்தன. வாழ இடமில்லை என்று அரசு அறிவித்த இடம். அங்கே ஒரு அம்மாவிடம் மீன் குழம்பும் சோறும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் நான் பேய்களைப் பற்றி எழுதினேன்.

எதிர்க்கரை நிலையத்தைப் பாருங்கள். தலைமன்னார்ப் பாதை போரில் போனது. 1990க்குப் பிறகு வண்டி இல்லை. தண்டவாளமே இல்லாமல் போயிற்று. இந்திய நிறுவனமான இர்கான் திரும்பப் போட்டுக் கொடுத்து, 2015 மார்ச்சில் மோடி அங்கே போய்க் கொடியசைத்தார். இன்று கொழும்பிலிருந்து தலைமன்னார்த் துறை வரை வண்டி வருகிறது. கப்பல்தான் இல்லை. கடலை நோக்கி ஓடி வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகும் வண்டி. இங்கே தண்டவாளம் இல்லாத நிலையம், அங்கே கப்பல் இல்லாத தண்டவாளம். நமது பக்கமும் 2019 மார்ச் 1ஆம் தேதி ராமேஸ்வரம் – தனுஷ்கோடி ரயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதைப் பற்றிய செய்திகளில் சுற்றுலா இருந்தது, பக்தர்கள் இருந்தார்கள், எதிர்க்கரை இல்லை.

போன டிசம்பரில் சித்தப்பாவையும் அவர் மகனையும் கூட்டிக்கொண்டு ஈ.சி.ஆர். வழியாகப் போனேன். தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம். இப்போது அரிச்சல்முனை வரை காரிலேயே போய்விடலாம், 2017இல் சாலை வந்துவிட்டது. தேவாலயச் சுவரின் முன் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. நிலையத்தின் பக்கம் கூட்டம் குறைவு. மிச்சம் இருப்பது கொஞ்சம் சுவரும் தூண்களும்தான், படத்துக்கு அவ்வளவு நன்றாக வராது. சித்தப்பா மகன் பன்னிரண்டாவது படிக்கிறான். காணொளி எடுக்க ஆரம்பித்தான், விசில் கதையை அவனும் சொன்னான். நான் குறுக்கிட்டு, நம்ம ஐயா இந்த இடத்தில்தான் இறங்கியிருப்பார் என்றேன். போனை இறக்கினான்.

“எதுக்கு எறங்குனாரு?”

“கப்பல் மாற.”

“கப்பலா? இங்கயா? எங்க போற கப்பல்?”

சித்தப்பா கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். அவர் பிறந்தது 1966இல், அவருக்கும் இது கேள்விப்பட்டதுதான். வெயிலில் அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. பையன் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டிக்கெட் எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் பரணில் ஏறி அந்தப் பெட்டியை இறக்கினோம். மூடியில் வெள்ளை பெயிண்டில் ஐயா பெயர், அதன் கீழ் ‘தனுஷ்கோடி வழி’ என்று எழுதியிருந்தது. ‘வழி’ மட்டும் துருவில் பாதி போயிருந்தது. உள்ளே அத்தையின் கல்யாணத்துக்கு வாங்கின பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றும் அதைச் சுற்றி ஒரு பழைய வேட்டியும் இருந்தன. டிக்கெட் இல்லை. வேட்டியை உதறியும் பார்த்துவிட்டான்.